பள்ளியில் எச்.ஐ.வி. பற்றிப் பேசுவது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கும் அரசு மையம் அது. பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசுவதை இன்றும் விடவில்லை. நீங்கள் அனுப்பியதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

மேடம், என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். இந்த வயதில் இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா? (ஒரு தாய், இராசிபுரம்)

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை அம்மா. பள்ளிகளில் இதைச் சொல்லிக் கொடுக்கும் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் 2005-இல் வந்தது. 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உட்படச் சில மாநிலங்கள் ஏறக்குறைய இதையே சொல்லி அதை நிறுத்தி வைத்தன. ஆனால் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, இப்படிச் சொல்லிக் கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரமே உறவில் இறங்குவதில்லை என்கிறது. உங்கள் மகளுக்கு ஏற்கெனவே கேள்விகள் இருக்கும். பதிலை அவள் போனில் தேடிக்கொள்ள வேண்டுமா, விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டுமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் எய்ட்ஸ் பாடம் இருக்கிறது. ஆரம்பித்ததுமே சிரிப்பு. எனக்கும் வாய் வருவதில்லை. "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுகிறேன். என்ன செய்யலாம்? (அறிவியல் ஆசிரியர், அரசுப் பள்ளி)

சிரிக்கட்டும் சார். அது கூச்சம், பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்குள் நீங்கள் புத்தகத்தை மூடிவிடாமல் இருந்தால் போதும்.

நான் கொண்டுபோவது ஒரு செருப்புப் பெட்டி. மூடியில் பிளேடால் ஒரு கீறல் போட்டிருப்பேன். எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டுச் சீட்டு. கேள்வி இல்லாதவர்களும் "கேள்வி இல்லை" என்று எழுதிப் போட வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். சிலர் மட்டும் எழுதினால் யார் எழுதினார்கள் என்று வகுப்பே பார்க்கும்.

கொசு கேள்வி வராத வகுப்பே கிடையாது. கொசு நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது, நமக்குள் விடுவதோ அதன் உமிழ்நீரை மட்டும்தான். மலேரியாக் கிருமி போல இந்தக் கிருமி கொசுவுக்குள் பெருகாது, செரித்துப் போய்விடும். இவ்வளவு சொன்னாலே பிள்ளைகளுக்குப் புரிகிறது. அப்புறம் ஒரே தட்டு, பொதுக் கழிப்பறை, முத்தம். எதிலும் பரவாது. பச்சை குத்துவதற்கு மட்டும் புது ஊசியா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு முறை மாத்திரை அளவுக்கு மடித்த சீட்டு ஒன்று வந்தது. பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தது: "எங்க அம்மா மாத்திரை சாப்பிடுறாங்க. எனக்கும் இருக்குமா?" அதை நடுவில், மற்றச் சீட்டுகளோடு சீட்டாக, அதே குரலில் படித்தேன். சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்கு வரலாம். கர்ப்பக் காலத்திலேயே மருந்து தொடங்கினால் அது 5-க்கும் கீழே போய்விடும் என்றேன். தெரிந்துகொள்ள ஒரே வழி பரிசோதனை என்று சொல்லிவிட்டு, மையம் திறந்திருக்கும் நேரத்தைப் பலகையில் எழுதினேன். எழுதியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அந்தச் சீட்டை வைத்து ஒன்று கேட்டுக்கொள்கிறேன் சார். "தவறான நடத்தையால் வரும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆணுறை இல்லாத உடலுறவு, பரிசோதிக்காத ரத்தம், பலருக்கு ஒரே ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று நான்கு வழியையும் அந்தந்தச் சொல்லிலேயே சொல்லுங்கள். புருஷனிடமிருந்து வாங்கிக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேரை என் மேசைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிள்ளையும் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். "தவறான நடத்தை" என்று நீங்கள் சொன்னால், அந்தப் பிள்ளை அதைத் தன் அம்மாவைப் பற்றித்தான் கேட்கும்.

பயமுறுத்தினால்தானே கவனமாக இருப்பார்கள்? (தலைமையாசிரியர்)

ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன் ஐயா. மண்டையோடு, எலும்பும் தோலுமான உடம்பு, "ஆட்கொல்லி நோய்" என்று பெரிய எழுத்து. இந்தச் சார்ட்டுகளைத்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒரு பள்ளியில் பேசி முடித்து எல்லோரும் கிளம்பியும் ஒரு பையன் மட்டும் எழுந்திருக்கவில்லை. எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாதாமாதம் மருந்து வாங்கும் பிள்ளை. எனக்கு அவனைத் தெரியும், அவனுக்கும் என்னைத் தெரியும். அந்த மாதம் மருந்து வாங்க அவன் வரவில்லை, பாட்டிதான் வந்தார். "எப்படியும் சாகத்தானே போறேன், மாத்திரை எதுக்குன்னு கேக்குறான்" என்றார். அவனை மறுபடி மாத்திரைக்குக் கொண்டுவர ஐந்து மாதம் ஆனது. அந்தச் சார்ட்டுகளை அதற்கப்புறம் நான் தொடவில்லை.

அவை பொய்யாகவும் ஆகிவிட்டன. 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் தொடங்கிய மையங்களில் நம் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. தினமும் மாத்திரை எடுப்பவர் வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவின் வழியாகக்கூட மற்றவருக்குப் பரவாது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று தயங்காதீர்கள். பரிசோதனைக்கு வரத் துணிச்சல் கொடுப்பதே இந்தச் செய்திதான்.

என் பேரனுக்கு இருக்கிறது. பள்ளியில் சொல்ல வேண்டுமா? தெரிந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்களா? (ஒரு பாட்டி)

சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை அம்மா. 2017-இல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, இதைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுக்கவோ, வெளியே அனுப்பவோ, தனியாக உட்கார வைக்கவோ கூடாது. அப்படி யாராவது செய்தால் உங்கள் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் உடனே சொல்லுங்கள். மாத்திரை நேரம் பள்ளி நேரத்தில் வராதபடி மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் பையனுக்கும் நிம்மதி.

அக்கா, நான் கல்லூரியில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கத்தில் இருக்கிறேன். படித்த பள்ளிக்கே போய்ப் பேசப் போகிறோம். எதை விடக்கூடாது? (முதலாமாண்டு மாணவர்)

நல்லது தம்பி. தொற்று வாய்ப்பு ஏற்பட்டுவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். இது பெரியவர்களுக்கே தெரிவதில்லை. அடுத்த நாளே பரிசோதித்து "இல்லை" என்று வந்தால் அதை நம்பிவிடக் கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல். 1097 என்ற இலவச உதவி எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு வா, நீயே அழித்துவிடாதே.

தெரியாத கேள்வி வந்தால் "கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல், சொன்னபடி அடுத்த வாரம் போ. யாரோ தொல்லை கொடுப்பதாக ஒரு சீட்டு வந்தால் அதை வகுப்பில் படிக்காதே. அன்றே உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்து, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டும். மற்றச் சீட்டுகளை ஆசிரியர் அறையில் விட்டுவிட்டு வந்துவிடாதே, கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டுக்கு எடுத்து வந்து கிழித்துப் போட்டுவிடு.