பூட்டிக் கிடந்த தோட்டத்து வீட்டுக்கு நாலரை மாதக் குழந்தையுடன் போகலாமா?

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். என் கணவர் வீட்டாருக்குக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும். மே மாதம் மட்டும் அண்ணன் தம்பி குடும்பங்கள் எல்லாம் கூடிப் பத்து நாள் தங்குவார்கள். முப்பது வருட வழக்கம். என் மகளுக்கு இப்போது நாலரை மாதம். "பிள்ளையைக் கொண்டுவராமல் எப்படி?" என்று கேட்கும் மாமியார், அங்கேயே நாக்கில் தேன் தொட்டு வைத்து, திருவட்டாறு கோயிலில் சோறூட்டையும் (குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு ஊட்டும் சடங்கு) முடித்துவிடலாம் என்கிறார். எனக்குப் பாம்பு, வௌவால், கிணற்றுத் தண்ணீர் என்று எல்லாமே பயமாக இருக்கிறது. போகலாமா?
(வாசகி, தாம்பரம்)

பதில்: தாராளமாகப் போங்கள். பாட்டியும் பெரியம்மாவும் சித்தப்பாவும் மாறி மாறித் தூக்கிக்கொள்ளும் பத்து நாள் உங்கள் மகளுக்கு நல்லது. பிரசவத்துக்குப் பிறகு சரியாகத் தூங்காத உங்களுக்கு அதைவிட நல்லது. ஆனால் ஒரு நிபந்தனை. உங்களுக்கு இரண்டு நாள் முன்னதாகவே யாராவது போய் வீட்டைத் திறந்து வைக்க வேண்டும். நீங்கள் எழுதிய பயங்களைவிட, எழுதாத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: அந்த வீட்டு அலமாரி.

ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டில் போர்வையையும் விரிப்பையும் எப்படி வைத்திருப்பார்கள்? மரப்பெட்டியில் மடித்து, நடுநடுவே பாச்சா உருண்டை போட்டு. அந்துருண்டை என்று நீங்கள் சொல்வதும் அதைத்தான். அதில் உள்ள நாப்தலீன் சில குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். சோதித்துப் பார்க்காதவரை எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று வெளியே தெரியாது. பல வருடங்களுக்கு முன் ஒரு பாட்டி, பேரனைப் பழைய கம்பளியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். அறைக்குள் வரும்போதே அந்த நெடி வந்தது. குழந்தையின் உள்ளங்கை வெளுத்திருந்தது, கண் மஞ்சளாக இருந்தது. இடுப்புத் துணியில் சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் காய்ந்திருந்தது. இரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினோம். அந்தப் பாட்டி செய்த ஒரே தவறு, குளிருமே என்று பாசத்தோடு போர்த்தியதுதான்.

எண்ணெய் தேய்த்த தோல் வழியாக நாப்தலீன் இன்னும் எளிதாக உள்ளே போகும். நம் ஊரில் எண்ணெய் தேய்க்காமல் குழந்தையைக் குளிப்பாட்டுவது ஏது? ஆகவே மகளுக்கான விரிப்பு, போர்வை, தொட்டில் சேலை எல்லாவற்றையும் சென்னையிலிருந்தே கொண்டுபோங்கள். அங்கே உள்ள பெட்டித் துணியை வெயிலில் காயப்போட்டாலும் அவளுக்கு வேண்டாம். உருண்டைகளையெல்லாம் பொறுக்கி, மற்ற பிள்ளைகள் கைக்கும் எட்டாமல் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்வார்கள். தோட்டத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் புரை (கொட்டகை) இருந்தால், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் எந்த பாட்டிலில் இருக்கிறது என்று கேட்டு, அதையும் பூட்டிவைக்க வேண்டும். பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதைக் குடித்துத் தொண்டை வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கற்பூரம். சளி பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவார்கள். இந்த வயதில் கூடாது. கற்பூரம் வலிப்பை வரவழைக்கும். வெறும் தேங்காய் எண்ணெய் போதும். அதையும் மூக்கிலும் காதிலும் விட வேண்டாம்.

கிணற்றைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். 2024-இல் பக்கத்துக் கேரளத்தில், மூளையைத் தாக்கும் அமீபாவால் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். தேங்கிய தண்ணீர் மூக்கு வழியாக ஏறும்போது அந்த அமீபா உள்ளே போகிறது. சாதாரணக் கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. மாதக்கணக்கில் இறைக்காத கிணற்றுக்கு 5 கிராம் போடலாம். அப்படியே அள்ளிக் கொட்டக் கூடாது. ஒரு வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறொரு வாளிக்கு மாற்றி, கிணற்றில் இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். உங்கள் மகள் குளிக்கும் தண்ணீரை இதற்கு மேலும் கொதிக்கவைத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். திற்பரப்பு அருவிக்கு எல்லாரும் போகட்டும். அவளை அருவியில் நனைக்க வேண்டாம்.

அவள் குடிப்பதற்குத் தண்ணீரே வேண்டாம். மே மாத வெயிலிலும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தாகமெடுத்தால் அடிக்கடி குடிப்பாள். அதற்கேற்ப நீங்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

பாம்புக்கும் கொசுவுக்கும் மருந்து ஒன்றுதான்: கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுவது. தரையில் பாய் விரித்து வரிசையாகப் படுக்கும் சந்தோஷம் இந்த ஒரு வருடம் உங்களுக்கு வேண்டாம். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். கோடை மழை பெய்தால், பால் வெட்டாத ரப்பர் மரங்களின் சிரட்டைகளில் (பால் பிடிக்கும் கொட்டாங்குச்சிகளில்) தண்ணீர் நின்று அந்தக் கொசு பெருகும். வீட்டைச் சுற்றியுள்ள சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். பூட்டிய அறையில் கொசுவர்த்தி கொளுத்த வேண்டாம். வௌவால் பகலில் ஓட்டுக்கடியில் தொங்கினால், அதன் எச்சம் விழாத வேறு அறையைத் தேர்ந்தெடுங்கள். தொட்டில் கட்டும் உத்திரத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்று, பெரியவர் ஒருவர் அந்த வளையத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கட்டும்.

கூட்டம் கூடும் இடத்தில் இருமல் வராமல் இராது. இருமுகிற பிள்ளை அவளைத் தூக்க வேண்டாம், முகத்தில் யாரும் முத்தம் கொடுக்க வேண்டாம் என்பதை உங்கள் கணவர் சொல்லட்டும். மருமகள் சொன்னால் வருத்தமாகிவிடும். பதினான்காவது வாரத் தடுப்பூசி வரை முடிந்ததா என்று அட்டையைப் பாருங்கள். தட்டம்மை ஊசி ஒன்பதாம் மாதத்தில்தான் என்பதால், உடலில் தடிப்போடு காய்ச்சல் உள்ள பிள்ளை இருந்தால் அவளை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பால் குடிக்க மறுத்தல், நிமிடத்துக்கு 50-க்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல், சோர்ந்து கிடத்தல், கருத்த சிறுநீர் இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தக்கலையிலும் குழித்துறையிலும் அரசு மருத்துவமனை உண்டு. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோட்டத்துக்குள் எந்த இடத்தில் செல்போன் எடுக்கும், 108 வண்டி எதுவரை வரும் என்பதைப் போன அன்றே பார்த்துவையுங்கள்.

தேன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மார்த்தாண்டம் தேன் சுத்தமானதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். ஒரு வயதுக்குள் அவை குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளர்த்திவிடும். மூச்சுத் தசையையும் விடாது. ஒரு துளிகூட வேண்டாம்.

சோறூட்டுக்கு ஆறு மாதம் நிறையட்டும். உங்கள் மகளுக்கு அது ஜூன் கடைசியில் முடிகிறது. ஆவணியில் ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அப்போது இன்னொருமுறை குழந்தையுடன் வருகிறோம், திருவட்டாற்றில் நீங்களே முதல் உருண்டை ஊட்டுங்கள் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.