பாட்டில் மூச்சு விடாது!

கேள்வி: உடம்புக்கு ஒன்றுமே இல்லாதவர்களைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்களாமே, எதற்கு? என் நண்பன் போய் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு வந்தான், ரிப்போர்ட்கூடத் தரவில்லையாம்.

பதில்: சோதனை மெஷினுக்கு, உங்கள் நண்பர் அதற்கு உதவப் போனவர். அப்புறம் ரிப்போர்ட் எங்கிருந்து வரும்?

புது ஸ்கேன் முறையை முதலில் தண்ணீரோ ஜெல்லோ நிரப்பிய பாட்டிலை வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு ‘ஃபேன்டம்’ என்று பெயர், பயப்படாதீர்கள், பேயெல்லாம் இல்லை. ஆனால் பாட்டில் மூச்சு விடாது, எச்சில் விழுங்காது, அதற்குள் ரத்தமும் ஓடாது. படம் கலங்குவதே பெரும்பாலும் இவற்றால்தான். சரி, நேராக நோயாளிக்கே எடுக்கலாமே என்றால், படத்தில் ஒரு கறுப்புத் திட்டு விழுந்தால் அது நோயா, புது முறையின் கோளாறா என்று யார் சொல்வது? வலியோடு வந்தவரிடம் போய், ‘ஒரே முழங்காலை அஞ்சு விதமாக எடுக்கிறோம், அசையாமல் படுங்கள்’ என்று கேட்கவும் மனசு வராது. நல்ல உடம்புக்காரரை எழுப்பி மறுபடி படுக்க வைக்கலாம், அடுத்த வாரம் வரச் சொல்லி அதே அளவு வருகிறதா என்றும் பார்க்கலாம்.

கேள்வி: ஆபத்து இல்லையா?

பதில்: எக்ஸ்ரே, சி.டி. போன்ற கதிர்வீச்சு இதில் கிடையாது. பயம் மெஷினில் இருக்கும் பெரிய காந்தத்தில்தான். காந்தப்புலத்தை ‘டெஸ்லா’ என்ற அலகில் அளப்பார்கள்; 3 டெஸ்லா மெஷின் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 60,000 மடங்கு. அதனால் பேஸ்மேக்கர் உண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்ததா என்று துருவித் துருவிக் கேட்பார்கள், எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். உள்ளே டமடமவென்று சத்தம், அதற்குக் காதடைப்பான் தருவார்கள். படத்தைச் சீக்கிரம் எடுக்கக் காந்தப்புலத்தை வேகவேகமாக மாற்றும்போது சிலருக்குத் தோலில் சுருக்கென்று இருக்கும், தசை துடிக்கும். கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தை அமுக்கினால் நிறுத்திவிடுவார்கள்.

எம்.ஆர்.ஐ.யை உருவாக்கியவர்களில் ஒருவரான பீட்டர் மான்ஸ்ஃபீல்டு 1978-இல் தன் முதல் முழு உடல் ஸ்கேனருக்குள் தானே போய் நின்றார். இந்த வேகமான மாற்றம் இதயத்துடிப்பைக் குலைக்கலாம் என்று எச்சரிக்கை வந்திருந்தது, அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தார். ஒன்றும் ஆகவில்லை, 2003-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இலவச செக்-அப் என்று நினைத்து மட்டும் போகாதீர்கள், எடுக்கும் படங்கள் நோய் தேடுவதற்கானவை அல்ல. ஆனாலும் எதிர்பாராமல் ஏதாவது கண்ணில் படலாம். பட்டால் சொல்வார்களா, யாரிடம் சொல்வார்கள் என்பதை, அடுத்த முறை போனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் நண்பரை.