படத்தில் வந்த காரா? பட்டி பூசுவதற்கு முன் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டு ஷெட்டில் தாத்தா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் தார்ப்பாய்க்கு அடியில் பல வருஷமாகக் கிடக்கிறது. ஊட்டியில் எடுத்த ஒரு பழைய படத்தில் ஓடிய வண்டி என்பார்கள். எப்படி உறுதி செய்வது? டிங்கரிங் பார்த்து பெயின்ட் அடித்து விற்கலாமா?

பதில்: பெயின்ட் வேலையை இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் தேடும் சாட்சி அந்தத் தகரத்தில்தான் இருக்கும்.

1968-இல் வந்த ‘புல்லிட்’ என்ற அமெரிக்கப் படத்தில் இரண்டு மஸ்டாங் கார்கள் ஓடின. ஒன்று 2020-இல் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மற்றது 2017-இல் மெக்சிகோவில் துருப்பிடித்த கூடாகக் கிடைத்தது. அதை அடையாளம் காட்டியவை சேஸி (அடிச்சட்டம்) எண்ணும் படப்பிடிப்புக்காகப் போட்ட துளைகள் போன்ற மாற்றங்களும்தான். புதுசாக்குகிறேன் பேர்வழி என்று யாராவது துளைகளை அடைத்திருந்தால் கதை வேறு.

நம் ஊரில் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த வண்டிகள்தான் படத்தில் ஓடின. ஷெட்யூல் முடிந்ததும் உரிமையாளரிடம் திரும்பிப் போய்விடும். அதனால் முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். படம் எடுத்த வருஷத்தில் வண்டி யார் பெயரில் இருந்தது என்று பாருங்கள். திரையில் தெரியும் நம்பரை மட்டும் நம்ப வேண்டாம், படப்பிடிப்புக்கு வேறு பிளேட் மாட்டுவது சகஜம். பிளேட் இருக்கும் இடத்தில் கூடுதல் ஸ்க்ரூ துளைகள், பம்பரிலும் கதவுக்கு அடியிலும் கேமரா ஸ்டாண்டு கட்டிய துளைகள், கதவு ஓரத்தில் பெயின்ட் அடுக்குகள், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து கண்ணாடி, விளக்கு, கதவு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். நான்கு கதவு ஹெரால்டு 1960-களின் கடைசியில்தான் வந்தது. படம் அதற்கு முந்தையது, உங்கள் வண்டி நான்கு கதவு என்றால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஹெரால்டுக்கு சேஸி தனி, பாடி தனி. மலை ஈரத்தில் முதலில் அரிப்பது சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகளும் கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகரமும். மெக்கானிக் ‘வேறு சேஸி போட்டுவிடலாம்’ என்பார். சம்மதித்தால் சேஸி எண் போயிற்று, ஆதாரமும் போயிற்று. அழுகிய பகுதியை மட்டும் வெட்டி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் வண்டிமேல் ஒட்டியிருந்தால் உள்ளே வியர்த்துத் துரு ஏறும். பருத்தித் துணி போர்த்தி, நான்கு ஸ்டாண்டில் டயர் தரையில் படாமல் நிறுத்துங்கள்.

உடனே செல்ஃப் அடிக்க வேண்டாம். பழைய பெட்ரோலை வடித்து, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, மறுநாள் கையால் என்ஜினைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்லது, இறுகியிருந்தால் பலவந்தம் வேண்டாம்.

50 வருஷத்துக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஏற்கெனவே பதிவு இருந்தால் பழைய நம்பரே நீடிக்கும். புதிதாகப் பதிந்தால் ‘வி.ஏ.’ வரிசை, கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் விண்டேஜ் பதிவில் அன்றாட ஓட்டமும் வணிக உபயோகமும் கூடாது. மறுபடி ஷூட்டிங்குக்கு வாடகை விடும் எண்ணம் இருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

விலை? காகித ஆதாரம் இல்லாவிட்டால் மற்ற ஹெரால்டுகளின் விலைதான். வாங்குபவர் சமவெளியில் இருந்தால் வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றி அனுப்புங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி, வீல் சிலிண்டர்கள் துருவில் இறுகியிருக்கும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.