கணவர் விடாவிட்டால் மனைவிக்கு என்ன வழி? குலா, ஃபஸ்க் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: தலாக் ஆணின் கையில்தானே இருக்கிறது? அவர் சொல்லாவிட்டால் நான் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதானா?

பதில்: இல்லை சகோதரி. மனைவிக்குக் குலா உண்டு. மஹரை, அதாவது திருமணத்தில் கணவர் தந்த மணக்கொடையை, திருப்பிக் கொடுத்துத் தன்னை விடுவித்துக்கொள்வது அது. குர்ஆன் 2:229 அனுமதிக்கிறது. நபித்தோழர் ஸாபித் இப்னு கைஸின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை சொல்லவில்லை. அவரோடு வாழ மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். அவர் மஹராகத் தந்த தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று நபியவர்கள் கேட்க, தருகிறேன் என்றார். அதை வாங்கிக்கொண்டு ஒரு தலாக் சொல்லும்படி ஸாபித்திடம் சொல்லப்பட்டது. புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வரும் இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று மனதில் நிற்கிறது: பொறுத்துப் போ என்று யாரும் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பவில்லை.

கேள்வி: என் கணவர் அடிக்கிறார், செலவுக்கும் தருவதில்லை. பிரிய வேண்டுமானால் மஹரைக் கொடு என்கிறார்.

பதில்: அவசரப்பட்டுக் குலாவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் மஹரை நீங்களே விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும். கொடுத்ததைப் பிடுங்குவதற்காக மனைவியை நெருக்காதீர்கள் என்று 4:19 கணவர்களைத் தடுக்கிறது. உங்களுக்கு உரியது ஃபஸ்க்: நீங்கள் முறையிட, காஜி (இஸ்லாமிய நீதிபதி) விசாரித்து நிக்காஹை ரத்து செய்வது. துன்புறுத்தலைக் காரணமாக ஏற்பதில் மாலிகி மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பள்ளி) தாராளமானது. இன்னொரு மத்ஹபான ஹனஃபியின் பழைய தீர்ப்புகளில் காரணங்கள் மிகக் குறைவு. அதனால்தான் பிற்கால ஹனஃபி அறிஞர்கள் பலர் இதில் மாலிகி கருத்தை எடுத்துக்கொண்டார்கள். மருத்துவச் சீட்டு, பார்த்தவர்களின் சாட்சி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அடி தொடர்ந்தால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், வழக்கெல்லாம் அப்புறம்.

கேள்வி: குலாவுக்குக் கணவர் சம்மதிக்காவிட்டால்?

பதில்: சம்மதம் வேண்டும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஸாபித்துக்குச் சொன்னது கட்டளை, ஆகவே காஜி வற்புறுத்தலாம் என்போரும் உண்டு. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. ஃபஸ்க்குக்கு அவர் சம்மதம் தேவையே இல்லை.

கேள்வி: மணவிலக்கு கேட்பவளுக்குச் சொர்க்கத்தின் வாடைகூடக் கிடைக்காது என்று மாமியார் சொல்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: அந்த ஹதீஸ் 'தக்க காரணமின்றி' கேட்பவளைப் பற்றியது. அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு ஒரு பெண்ணை மிரட்டுவது அநியாயம். அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான பரீரா, கணவர் முகீஸைப் பிரிய முடிவெடுத்தார். அவர் அழுதுகொண்டே பின்னால் நடந்தார். நபியவர்களே அவருக்காகப் பேசினார்கள். இது கட்டளையா என்று கேட்டார் பரீரா. இல்லை, பரிந்துரைதான் என்றதும், எனக்கு அவர் வேண்டாம் என்றார். விடுதலையான பெண்ணுக்குரிய தனி உரிமை அது. ஆனாலும் நபியின் பரிந்துரையையே மறுத்த அவரை யாரும் பாவி என்று சொல்லவில்லையே.

கேள்வி: குலாவுக்குப் பின் இத்தா (மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம்) எவ்வளவு? மனம் மாறினால்?

பதில்: மூன்று மாதவிடாய் என்பது பெரும்பான்மைக் கருத்து, ஒன்று போதும் என்போரும் உண்டு. கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. கணவர் தன்னிச்சையாக மீட்டுக்கொள்ள முடியாது. இருவருக்கும் விருப்பமென்றால் புது நிக்காஹ், புது மஹர்.

கேள்வி: தங்கைக்கு அடுத்த மாதம் நிக்காஹ். முன்கூட்டியே ஏதாவது செய்யலாமா?

பதில்: செய்யுங்கள். தலாக் உரிமையை மனைவியிடம் ஒப்படைக்கும் தஃப்வீள் ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். எந்தெந்த நிலையில் அவள் அதைப் பயன்படுத்தலாம் என்பதையும் விவரமாக எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். நிக்காஹ் நாளின் பரபரப்பில் இது முடியாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.