புல்வெட்டி எஞ்சினைப் பழைய சைக்கிளில் பொருத்தலாமா?

கேள்வி: காயலான் கடையில் 52 சிசி புல்வெட்டி எஞ்சின் ஒன்று வாங்கினேன். இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. வீட்டில் ராடு பிரேக் வைத்த பழைய 28 இஞ்ச் சக்கர சைக்கிள் இருக்கிறது. தோட்டத்துக்குப் போக ஆறு கிலோமீட்டர். எஞ்சினின் கிளட்ச் டிரம்மில் சின்னப் பல்சக்கரத்தை வெல்டு வைத்து, பின்சக்கரத்தில் 44 பல் சக்கரம் மாட்டி, செயின் போட்டால் ஓடுமா? ஆர்சி, லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்லும் அமைப்பில் ஓடாது. கிளட்ச் ஒரே நாளில் கருகிவிடும். காரணம் பல் கணக்கில் இருக்கிறது.

டிரம்மில் 10 பல், சக்கரத்தில் 44 பல் என்றால் வேகக் குறைப்பு 4.4 மடங்குதான், அதாவது எஞ்சின் 4.4 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இந்த வகை எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் ஓடும்போது சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1,480 சுற்று சுற்ற வேண்டும். 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் மணிக்கு 195 கிலோமீட்டர் வருகிறது. எஞ்சினுக்கு அந்த வலு கிடையாது. சரி, மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன் என்றாலும் முடியாது. இந்தக் கிளட்ச் சுமார் 4,000 சுற்றுக்கு மேல் விரிந்துதான் டிரம்மை முழுதாகப் பிடிக்கும். உங்கள் அமைப்பில் அது 120 கிலோமீட்டர் வேகம். அதற்குக் கீழே எந்த வேகத்திலும் கிளட்ச் கட்டை டிரம்மில் தேய்ந்துகொண்டே இருக்கும். டிரம் நீலம் பாய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்து, கட்டை கருகிப்போகும். இதே எஞ்சினை வைத்துச் சைக்கிளை 25 கிலோமீட்டரில் ஓட்ட வேண்டுமானால் குறைப்பு 34 மடங்கு இருக்க வேண்டும். ஒரே செயினில் அது வராது.

அடுத்து சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து எஞ்சின் 25 சிசிக்கு மேற்படாத வண்டியை 'மோட்டார் வாகனம்' என்ற வரையறையில் சேர்க்கவில்லை. 52 சிசி அந்த வரையறைக்குள் வந்துவிடும். அப்போது பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் கட்டாயம். வீட்டில் செய்த வண்டிக்குப் பதிவு வாங்குவது நடைமுறையில் ஆகாத காரியம். ஆகவே உங்கள் 52 சிசி எஞ்சினை ரோட்டில் ஓடும் சைக்கிளில் மாட்டாதீர்கள். அதைப் புல் வெட்டவே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது விற்று 25 சிசி எஞ்சின் ஒன்று தேடுங்கள். வேலையைத் தொடங்கும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது. வண்டியைச் சோதனையில் நிறுத்தினால் காட்ட, எஞ்சினின் சிசி தெரியும் பில்லையும் தகட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

25 சிசி போதுமா என்று தோன்றும். 65 கிலோ ஆள், 30 கிலோ வண்டி, சமதரை, 25 கிலோமீட்டர் வேகம் என்றால் சக்கரத்தில் வேண்டியது சுமார் 190 வாட். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் மேட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 370 வாட் போல வேண்டும். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்25 என்ற நான்கு ஸ்ட்ரோக் 25 சிசி எஞ்சின் 7,000 சுற்றில் 720 வாட் தருகிறது. வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் மிச்சம் தாராளம்.

பழைய எஞ்சின் வாங்கும்போது மேலே ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். சீன எஞ்சின்களில் உடம்பிலேயே எண் பதித்திருக்கும். 1ஈ44எஃப் என்று இருந்தால் ஒற்றை சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், உள்விட்டம் 44 மி.மீ., காற்றில் குளிர்வது என்று பொருள். ஸ்ட்ரோக் 34 மி.மீ. என்றால் 51.7 சிசி. உங்களிடம் இருப்பது அநேகமாக இதுதான். சின்ன எஞ்சின் என்று விற்கும் 1ஈ34எஃப் பலவற்றுக்கு ஸ்ட்ரோக் 28, கணக்கிட்டால் 25.4 சிசி. வரம்பைத் தாண்டிவிடுகிறது, கவனம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் எதுவானாலும் சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் மேலும் கீழுமாகக் கோடு கிழித்திருந்தால் ஆயில் கலக்காமல் ஓட்டிய எஞ்சின் அது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை, சத்தமும் குறைவு. ஆனால் ஜிஎக்ஸ்25க்குள் இருக்கும் ஆயில் மொத்தமே 80 மில்லி. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அளவு பார்த்தே ஆக வேண்டும்.

இனி சைக்கிள். உங்கள் பழைய சைக்கிள் உறுதியானதுதான், ஆனால் பிரேக் இந்த வேலைக்குப் போதாது. ராடு பிரேக்கின் கட்டை ஸ்டீல் ரிம்மை உட்பக்கமாக அழுத்துகிறது. மழையில் நனைந்தால் பிடிப்பு ஏறக்குறைய போய்விடும். பின்சக்கரத்தில் பேண்ட் பிரேக் (ஹப்பில் உள்ள டிரம்மைப் பட்டையால் இறுக்கும் பிரேக்) மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் பின் ரிம்முக்கு 40 கம்பி, பேண்ட் பிரேக் மாட்டும் ஹப்புகளுக்குப் பொதுவாக 36 துளை. ரிம்மையும் மாற்றிச் சக்கரத்தையே புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவில், பழைய கடைகளில் கிடக்கும் அலாய் ரிம்மும், அதை இரு பக்கமிருந்தும் கவ்வும் வி-பிரேக்கும் உள்ள 26 இஞ்ச் எம்டிபி (மவுண்டன் பைக்) சைக்கிள் ஒன்றை வாங்கிவிடலாம். நடுவில் பொத்தான் இல்லாத வழவழப்பான டயர், புது பிரேக் கட்டை, புது கேபிள், மூன்றும் மாற்றுங்கள். எஞ்சின் மாட்டும் முன்பே, காய்ந்த தார் ரோட்டில் 25 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்தால் ஆறேழு மீட்டருக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மற்ற வேலையைத் தொடங்காதீர்கள்.

எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு ரோலர் வைப்பதையே உங்களுக்குச் சொல்வேன். பிரான்சில் 1946 முதல் விற்ற வெலோசோலெக்ஸ் என்ற எஞ்சின் சைக்கிள் முன் டயரை ரோலரால் உருட்டித்தான் ஓடியது. நம்முடையது பின் டயரின் மேல் உட்காரும். இரண்டு கட்ட செயின் குறைப்புக்கு நடுத்தண்டு, நான்கு பல்சக்கரம், இரண்டு செயின் நேர்கோடு எல்லாம் பார்க்க வேண்டும். ரோலரில் ஒரே கட்டத்தில் 30 மடங்கு குறைப்பு வந்துவிடுகிறது. சக்கரத்தின் அளவும் வேகத்தைப் பாதிக்காது, ரோலரின் விட்டம் மட்டுமே பாதிக்கும். 22 மி.மீ. ரோலர் ஒரு சுற்றுக்கு 69 மி.மீ. உருளும், 6,000 சுற்றில் சரியாக 25 கிலோமீட்டர். 30 மி.மீ. வைத்தால் 34 கிலோமீட்டர் வரும், ஆனால் கிளட்ச் பிடிக்கும் வேகமும் 16லிருந்து 22க்கு ஏறிவிடும். மேட்டில் அது தாங்காது. 22ஐத் தாண்டாதீர்கள்.

லேத் பட்டறையில் ஈஎன்8 என்ற ஸ்டீல் வகைக் கம்பியில் ரோலரை ஒரே துண்டாகக் கடைந்து வாங்குங்கள். நடுவில் 22 மி.மீ. கனத்தில் 78 மி.மீ. நீளம், இடது முனை 15 மி.மீ. (6202 பேரிங்), வலது முனை 12 மி.மீ. (6201 பேரிங்). இரண்டும் ரப்பர் மூடியுள்ள பேரிங்காக இருக்கட்டும். நடுவில் மேலோட்டமான நேர்க்கோட்டு நர்லிங் (பிடிப்புக்காகப் பதிக்கும் வரி) போதும். வைர வடிவ நர்லிங் அரம் போல டயரை ராவிவிடும். இரண்டு பக்கமும் 5 மி.மீ. தகடு, இடையே 80 மி.மீ.; பேரிங் உட்கார அதற்கேற்ற கனத்தில் வளையம் வைத்து வெல்டு செய்து கடைய வேண்டும். ரோலரை ஒரு பக்கம் மட்டும் தாங்கி, மறுபக்கம் அந்தரத்தில் விடுவது பெரும் தவறு. டயர் அழுத்தும் அழுத்தத்தில் கிளட்ச் வீட்டில் (டிரம்மை மூடியிருக்கும் கூட்டில்) இருக்கும் பேரிங் சில நாளில் கடகடவென்று ஆடும்.

டிரம்மை ரோலரோடு இணைக்க, புல்வெட்டியின் உள்ளே ஓடும் நீளக் கம்பியே போதும். பல் வெட்டிய முனையிலிருந்து ஒரு சாண் துண்டு அறுத்து வையுங்கள். ரோலரின் இடது முனையில் கம்பியின் கனத்துக்கு 45 மி.மீ. ஆழம் துளையிட்டு, கம்பியைச் செருகி, ரோலரின் கனமான பகுதியில் டயர் படாத ஓரமாக 3 மி.மீ. ஸ்பிரிங் பின் அடியுங்கள். கம்பியைச் சுற்றியிருந்த குழாய்க்குப் பதிலாக, அதே வெளிவிட்டத்தில் ஸ்டீல் குழாய்த் துண்டை இடது தகட்டில் வெல்டு வைத்தால் கிளட்ச் வீடு பழையபடி அதில் கவ்விக்கொள்ளும். வெல்டு வைத்தபிறகு, குழாயின் வெளிப்புறத்தையும் பேரிங் துளையையும் லேத்தில் ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள். இரண்டின் மையமும் அரை மி.மீ. விலகினாலும் கம்பியின் பல் கொஞ்ச நாளில் பொடியாகிக் கொட்டும். டிரம் வேறு வாங்கினால் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். 76ம் 78ம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், 76ல் 78க்கான கிளட்ச் நுழையாது.

எஞ்சின் சைக்கிளின் இடது பக்கம் வர வேண்டும், தண்டு வலது பக்கம் பார்க்க வேண்டும். புல்வெட்டி எஞ்சினைத் தண்டுப் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். வலப்பக்கம் மாட்டினால் வண்டியைப் பின்னுக்குத் தள்ளும். பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்து ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரேமில் வெல்டு வைக்கக் கூடாது, துளையும் போடக் கூடாது. குழாய் மெல்லியது, சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் பின்னாளில் விரிசல் விடும். சீட்டிலிருந்து பின் ஆக்சிலுக்கு இறங்கும் இரண்டு குழாயிலும், பிரேக்குக்கு ஒரு கை மேலே, பழைய டியூப் துண்டு சுற்றி எம்8 யூ-போல்ட் மாட்டி, அதில் ரோலர் கூட்டின் முன்முனையைக் கீல் போல இணையுங்கள். பின்முனையிலிருந்து ஆக்சிலுக்கு 20×5 பட்டை இரண்டு வரும். அவற்றில் ஸ்பிரிங்கும் தூக்கும் நெம்புகோலும் வையுங்கள். தூக்கினால் சாதாரணச் சைக்கிள், இறக்கினால் ரோலர் டயரில் 3 மி.மீ. அமிழ வேண்டும். பட்டை மாட்டியபின் ஆக்சில் நட்டு முழுதாக மரையில் ஏறுகிறதா பாருங்கள், ஏறாவிட்டால் நீள ஆக்சில் மாற்றுங்கள். எஞ்சின் மூன்று கிலோ போல இருக்கும். அதன் உடம்பிலிருந்து தகட்டுக்குத் தாங்குபட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். எல்லா இடத்திலும் நைலாக் நட்டு (அதிர்வில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள். முதல் பத்து கிலோமீட்டர் ஓடியதும் ஒவ்வொன்றையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

ஹேண்டிலில் விட்டால் தானே திரும்பும் திராட்டில் லீவரும், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் எஞ்சின் நிறுத்தும் சுவிட்சும் வையுங்கள். சைலன்சருக்கும் பிரேக் கேபிளுக்கும் பெட்ரோல் குழாய்க்கும் இடைவெளி நன்றாக இருக்கட்டும்.

ஓட்டும் முறையும் கொஞ்சம் பழக வேண்டும். நின்ற இடத்திலிருந்து திராட்டில் திருகக் கூடாது. ரோலரைத் தூக்கி வைத்து மிதித்து, பதினைந்து கிலோமீட்டர் வேகம் வந்ததும் இறக்கித் திராட்டில் கொடுங்கள். மேட்டில் வேகம் 16க்குக் கீழே போனால் கூடவே மிதியுங்கள். அந்த வேகத்தில் கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் சும்மா ஓடும்போதே ரோலர் சுற்றினால் ஐடிலிங் ஏறியிருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

மழையில் ரோலர் வழுக்கும். அப்போது ஸ்பிரிங்கை இறுக்காமல் ரோலரைத் தூக்கிவிட்டு மிதித்துப் போவதுதான் வழி. வழுக்கும் ரோலர் டயரை ஒரே இடத்தில் சுட்டு உரித்துவிடும். காற்றை டயர் பக்கத்தில் அச்சிட்ட மேல் அளவை ஒட்டியே வையுங்கள். காற்று குறைந்தால் ரோலர் டயரை ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். டயரோடு டியூப்பும் நகர்ந்து வால்வு அடியோடு பிய்ந்துவிடும். வால்வு சாய்ந்து நிற்பது தெரிந்தால் அன்றைக்கே காற்றை இறக்கி டயரைத் திருப்பி நேராக்குங்கள். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய கார்புரேட்டரின் ரப்பர் சவ்வும் பெட்ரோல் குழாயும் அதில் ஊறி விறைத்துப்போகும். இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டு, பத்துப் பதினைந்து நாள் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஆயிலை முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும், அதன்பின் 50 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் 10டபிள்யூ-30 ஊற்றி மாற்றுங்கள்.