தண்ணீர்த் தட்டு, தேன்சிட்டுக் கூடு, உதிரும் மல்லி: கோடைத் தோட்டக் கேள்வி–பதில்

மொட்டை மாடியில் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறேன். காக்கைகள் மட்டுமே வருகின்றன. வந்தாலும் எலும்பு, ரொட்டித் துண்டு என்று எதையாவது போட்டுவிட்டுப் போகின்றன. கொசு வேறு. சிட்டுக்குருவியும் சின்னானும் (புல்புல்) வர என்ன செய்ய வேண்டும்? (திருச்சி வாசகி)

முதலில் கிண்ணத்தை மாற்றுங்கள். சித்திரை வெயிலில் எவர்சில்வர் கை வைக்க முடியாதபடி சுடும். அதோடு அதன் சுவர் செங்குத்தானது, வழுக்கும். தண்ணீரில் நின்றால் அடி தட்டுப்படும் இடத்தில்தான் சின்னப் பறவைகள் இறங்கிக் குளிக்கும். குயவரிடம் ஓர் அடி முதல் ஒன்றேகால் அடி அகலமுள்ள மண் தட்டு வாங்குங்கள். ஓரத்தில் ஓர் அங்குலமும் நடுவில் இரண்டு அங்குலமும் ஆழம் இருந்தால் போதும். உட்புறம் வழவழப்பாக இருந்தால் ஒரு செங்கல் துண்டைப் படுக்க வையுங்கள், அதில் நின்று குடிக்கும். தளத்தின் சூடு ஏறாதபடி தட்டை இரண்டு செங்கல் மேல், தண்ணீர்த் தொட்டி நிழல் விழும் இடத்தில் வைப்பது நல்லது. பூனை நடமாட்டம் இருந்தால் புதரிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள். நெருக்கமாக வைத்தால் பூனைக்குப் பதுங்க இடம் கொடுத்தது போல ஆகிவிடும்.

காக்கை கெட்ட பறவை அல்ல. காய்ந்த தீனியைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக்கித் தின்பது அதன் வழக்கம், அதைத் தடுக்க முடியாது. அதற்கென்று ஒரு பெரிய தட்டை மாடியின் மறுகோடியில் வைத்துவிடுங்கள். சின்னத் தட்டு செடித் தொட்டிகளுக்கு நடுவே, காக்கை சிறகை விரித்து இறங்க இடமில்லாதபடி இருக்கட்டும்.

கொசுவைப் பொறுத்தவரை, வெறுமனே தண்ணீரைக் கொட்டிவிட்டு நிரப்பினால் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டினாற்போல முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஈரம் பட்டதும் பொரிக்கும். அதனால் தினமும் காலையில் தேங்காய்நாரால் விளிம்பு வரை தேய்த்துக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர். காக்கைத் தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாம்பல் போட்டுத் தேயுங்கள். சோப்பு வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால்தான் வெந்நீர் ஆகாமல் இருக்கும்.

வராண்டாவில் துணி காயப்போடும் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. கூட்டை அப்படியே அவிழ்த்துப் பக்கத்துச் செடியில் கட்டலாமா? (கும்பகோணம் வாசகர்)

வேண்டாம். ஓரடி நகர்த்தினாலும் தாய் பழைய இடத்துக்கே வந்து தேடும். கூட்டை விட்டுவிட்டுப் போய்விடவும் கூடும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. ஆள் நடமாடும் இடத்தில் தொங்கும் கூடு, பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம், வெளியே பட்டைத் துணுக்கும் புழுக்கையும் ஒட்டிய குப்பை போன்ற தோற்றம்: எல்லாம் அதற்குப் பொருந்துகிறது. நார்களை ஒன்றோடொன்று பிணைப்பது சிலந்தி நூல். வீட்டைச் சுற்றி ஒட்டடையை ஒன்றுவிடாமல் அடிப்பவர்களுக்கு இதை ஒருமுறை சொல்லிவைக்கலாம்.

பெரும்பாலும் இரண்டு முட்டை. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை கூட்டின் இரு பக்கமும் மூன்றடிக்குத் துணி போடாமல் விடுங்கள். ஈரத் துணியின் பாரத்தில் கொடி தொய்ந்து ஆடினால் முட்டைக்கு ஆபத்து, அதனால் கனமான வேட்டி, போர்வைகளுக்கு வேறு கொடி கட்டிக்கொள்ளுங்கள். கூட்டுக்கு அருகில் மின்விசிறி இருந்தால் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். வாசலுக்கு நேரே நின்று செல்போனில் படமெடுப்பதுதான் இப்போது பெரிய தொல்லை. ஆள் நிற்கும் இடத்தைப் பார்த்தே காக்கையும் செம்போத்தும் கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.

எறும்பு கொடி வழியாக வந்தால், சுவர் ஆணியருகே கொடியின் மேல் விரலளவுக்கு வாஸலின் தடவுங்கள். கூட்டுக்கு நாலடிக்குக் குறையாமல் தள்ளியே இருக்க வேண்டும். இறகில் பிசுபிசுப்பு ஒட்டினால் பறவைக்குப் பறப்பதே பாடாகிவிடும்.

செம்பருத்திக் கொழுந்தெல்லாம் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது. மருந்து அடித்தால் பூவுக்கு வரும் தேன்சிட்டு பாதிக்கப்படுமா? (மதுரை வாசகி)

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. கடைக்காரர் கையில் கொடுக்கும் இமிடாகுளோபிரிட் போன்றவை செடியின் சாற்றோடு கலந்து தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும். பூக்கும் செடிக்கு அவை கூடாது. தேன்சிட்டு தேன் மட்டும் குடிப்பதில்லை. குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது சிலந்தியும் சின்னப் பூச்சிகளும்தான். பூச்சியை ஒழித்தால் குஞ்சு பட்டினி.

மாவுப்பூச்சிக்குச் செய்ய வேண்டியது இது. சுருண்டு தடித்த நுனிகளை இரண்டு அங்குலம் கீழே வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், குப்பைமேட்டில் வீசாதீர்கள். மறுநாள் காலையில் இலையின் அடிப்புறத்தில் ட்யூப் தண்ணீரை வேகமாக அடியுங்கள், பாதிப் பூச்சி அதிலேயே போய்விடும். அதன் பிறகுதான் வேப்பெண்ணெய்: ஐந்து மில்லி எண்ணெயையும் ஒரு மில்லி திரவக் காதி சோப்பையும் முதலில் நன்றாகக் குழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு லிட்டர் தண்ணீர் சேருங்கள். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், தெளிப்பானில் கடைசியாக வரும் எண்ணெய் இலையைக் கருக்கிவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல், பூக்களைத் தவிர்த்து, அடிப்புறத்தில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை மூன்று தடவை. ‘வேப்பெண்ணெய் அடித்தேன், செடி கருகிவிட்டது’ என்று வரும் கடிதங்களில் முக்கால்வாசி உச்சி வெயிலில் தெளித்தவை.

தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், இடம் மாற்றியும் வைக்கும். எறும்பை நிறுத்தாமல் மருந்தடிப்பது வீண் வேலை. இன்னொன்று: மாவுக் கூட்டத்துக்குள் உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்க, மற்றவற்றைவிடப் பெரிதாக, வேகமாக ஊரும் ஒன்று தென்பட்டால் கொல்லாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. எந்த மருந்துக்கும் மசியாத அதை அடக்கியது 2010-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்னக் குளவிதான்.

செம்பருத்திப் பூவின் அடியில், பச்சைப் புல்லிக்குப் பக்கத்தில் ஊசியால் குத்தியது போலக் கீறல். புழுவா? (பாளையங்கோட்டை)

புழு இல்லை, தேன்சிட்டு. பூவின் வாய் வழியாகப் போனால் தேன் தூரம். அதனால் அடியில் குத்திக் குறுக்கு வழியில் உறிஞ்சிவிடும். மகரந்தம் அலகில் ஒட்டாது, பூவுக்கு லாபம் இல்லை. செடிக்குக் கேடும் இல்லை, விட்டுவிடுங்கள்.

குண்டுமல்லி மொட்டு ஊதா நிறமாகி, அடி வீங்கி, மலராமலே உதிர்கிறது. (சத்தியமங்கலம் வாசகர்)

மொட்டைப் பிளந்து பாருங்கள். அடிப்பாகத்தில் கால் இல்லாத பொடிப்பொடிப் புழுக்கள் இருந்தால் மொட்டு ஈ. வீக்கம் இல்லாமல் பக்கவாட்டில் ஓட்டையும், மொட்டுகளைப் பிணைக்கும் நூலும் இருந்தால் மொட்டுப்புழு. உங்களுடையது முதல் வகை போலத் தெரிகிறது. மொட்டு ஈயின் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஆகவே உதிர்ந்த மொட்டுகளைத் தினமும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டு, செடியைச் சுற்றி இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கிளறி வெயில் படவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, ஒரு கிராம் காதி சோப்பு சேர்த்து மொட்டு விடும் காலத்தில் வாரம் ஒருமுறை தெளியுங்கள். இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது தனிச் சிக்கல், இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து, பச்சை திரும்பும் வரை இலையில் தெளிக்க வேண்டும். கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யாத செடியில் கோடையில் பூ குறைவாகத்தான் இருக்கும், அதற்கு மருந்து இல்லை.

கறுப்புக் குருவி ஒன்று கார்க் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கிறது. (சேலம்)

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை தன் பிம்பத்தைப் போட்டியாளன் என்று நினைத்து மோதும். பக்கக் கண்ணாடி மேல் பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள். வீட்டு ஜன்னலாக இருந்தால் செய்தித்தாளை வெளிப்புறம் ஒட்டுங்கள். உள்ளே திரை போட்டால் பிம்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். சில வாரங்களில் வேகம் தணிந்துவிடும்.

கறிவேப்பிலை மரத்துக்கு ஒரு கறுப்புப் பறவையும், பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒன்றும் சேர்ந்து வருகின்றன. (காரைக்குடி)

இரண்டும் குயில்தான். கறுப்பு ஆண், புள்ளி போட்டது பெண். பழுத்த கறிவேப்பிலைப் பழத்துக்கு வருகின்றன, சின்னானும் வரும். பழத்தைப் பறித்துவிடாதீர்கள்.

கீழே விழுந்த குஞ்சைக் கையால் தொட்டால் தாய் சேர்க்காதாமே? (வேலூர் வாசகி)

அது கட்டுக்கதை, தாராளமாகத் தொடலாம். இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டில் திருப்பி வையுங்கள். சின்னான் கூடு போலக் கிண்ண வடிவக் கூடே விழுந்திருந்தால், அடியில் ஓட்டையுள்ள சின்ன மூங்கில் கூடையில் கூட்டோடு வைத்து அதே கிளையில் கட்டுங்கள். இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்தி நடந்தால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. பூனையை உள்ளே அடைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், தாய் வந்து ஊட்டும். பால், சோறு எதுவும் கொடுக்கக் கூடாது. சொட்டு சொட்டாக வாயில் தண்ணீர் விட்டால் மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும்.