நாடு மஞ்சள் கடுதாசி கொடுத்தால்

வணக்கம். கம்பெனி கடனைக் கட்டாவிட்டால் கோர்ட் சொத்தை ஏலம் விடும். நாடு கட்டாவிட்டால் யார் ஏலம் விடுவது? யாராலும் முடியாது என்றால் எல்லா நாடுகளும் ஏன் கையை விரித்துவிடுவதில்லை?
– க.

அன்புள்ள க.,

நாடுகளுக்கென்று திவால் கோர்ட் எதுவும் கிடையாதுதான். முன்பு போர்க்கப்பலை அனுப்பினார்கள்; 1902-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் இத்தாலியும் சேர்ந்து வெனிசுவேலாவின் துறைமுகங்களை முற்றுகையிட்டது கடன் பாக்கிக்காகத்தான். இப்போது வக்கீல் போகிறார்.

அர்ஜென்டினாவைப் பாருங்கள். 2001 டிசம்பரில் இடைக்கால அதிபர் ரோட்ரிகஸ் சா, இனி வெளிக்கடன் தவணை கட்டப்போவதில்லை என்று அறிவித்தபோது நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் அரசு எழுதிக் கொடுத்த கடன் பத்திரத்தின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி வைத்திருந்த ஒரு அமெரிக்க நிதி நிறுவனமோ விடவில்லை, 2012-ல் கானாவின் டெமா துறைமுகத்துக்கு வந்த லிபர்டாட் என்ற அர்ஜென்டினக் கடற்படைப் பயிற்சிக் கப்பலை, மூன்று பாய்மரத்தோடு அப்படியே, உள்ளூர் கோர்ட் உத்தரவு வாங்கிப் பிடித்துவைத்துவிட்டது! மாலுமிகளில் பெரும்பாலோர் விமானத்தில் ஊர் திரும்பினார்கள். போர்க்கப்பலை ஜப்தி செய்யக் கூடாது என்று சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் சொன்ன பிறகுதான், இரண்டரை மாதம் கழித்து, கப்பல் கிளம்பியது.

ஆக, ஜப்தி என்று பார்த்தால் வெறும் கூத்து. ஏன் எல்லோரும் கையை விரிப்பதில்லை என்பதற்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது. அரசின் கடன் பத்திரத்தை வைத்திருப்பது வெளிநாட்டுக்காரன் மட்டுமா? சொந்த நாட்டு வங்கிகளும் ஓய்வூதிய நிதிகளும்தான் மூட்டை மூட்டையாக வைத்திருக்கின்றன, அதாவது ஜனங்களின் சேமிப்பு. அரசு தள்ளாடுகிறது என்று தெரிந்ததுமே அர்ஜென்டினாவில் கூட்டம் வங்கிகளுக்கு ஓடியது. அரசு கைவிரிப்பதற்கு மூன்று வாரம் முன்பே, வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்க முடியாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அப்போது ஒரு பெசோ ஒரு டாலர். அப்புறம் அந்த ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தையும் உடைத்தார்கள். டாலரில் போட்டு வைத்திருந்தவர்களுக்கு ஒரு டாலருக்கு 1.40 பெசோ என்று எழுதிக் கொடுத்தார்கள், சில மாதங்களில் வெளியே டாலர் மூன்று பெசோவைத் தாண்டியிருந்தது.

கப்பலைப் பிடித்த நிறுவனத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2016-ல் சுமார் 240 கோடி டாலர் வாங்கிக்கொண்டு போனது. பணத்தைக் கேட்டு வங்கி வாசலில் சட்டியைத் தட்டிப் போராடியவர்களில் பலருக்கு அந்த 1.40 கணக்குதான்.